தாத்தாவுக்குத் தோலில், பேத்திக்கு விரலில்!

திருவண்ணாமலை என்றதும் ஊர் உலகத்துக்கெல்லாம் கார்த்திகை தீபம் நினைவுக்கு வரும். ராஜபாளையத்திலும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் சொல்லிப் பாருங்கள். "எந்தத் திருவண்ணாமலை?" என்று திருப்பிக் கேட்பார்கள்.

ஸ்ரீவில்லிபுத்தூரை அடுத்து ஒரு சிறு மலை இருக்கிறது. அதன் மேல் ஸ்ரீனிவாசப் பெருமாள் கோவில். அந்த இடத்துக்கும் திருவண்ணாமலை என்றுதான் பெயர். தென் திருப்பதி என்றும் சொல்லுவார்கள். புரட்டாசிச் சனிக்கிழமைகளில் சுற்றுவட்டாரமே அங்கே திரண்டுவிடும். குடும்பம் குடும்பமாகப் படி ஏறுவார்கள்.

அப்படிப் படி ஏறும் ஒரு குடும்பத்தை மனதில் நினைத்துக் கொள்ளுங்கள். பெயர் வேண்டாம். எந்தத் தெருவிலும் இருக்கக்கூடிய குடும்பம்தான்.

தாத்தா இருந்த காலத்தில் வருஷம் தவறாமல் எல்லோரையும் அழைத்து வருவார். பேரன் பேத்திகளை எல்லாம் ஏற்றிவிட்டு, கடைசியாக அவர் ஏறுவார். தலையில் எப்போதும் ஒரு துண்டு. வெயிலானாலும் மழையானாலும் அந்தத் துண்டு இறங்காது. கோவிலில் யார் மொட்டை போட்டாலும் அவர் மட்டும் போட்டுக்கொள்ள மாட்டார். ஏன் என்று யாரும் கேட்டதில்லை.

தாத்தா காலமாகிவிட்டார். அவருடைய மகள் வயிற்றுப் பேத்திக்கு இப்போது வயது 24. நூற்பு மில்லில் வேலை. இந்த வருஷம் பத்துப் படி ஏறுவதற்குள் உட்கார்ந்துவிட்டாள். குதிகாலில் குத்தும் வலி. "மில்லில் எட்டு மணி நேரம் நடக்கிறாளே, வலிக்காமல் என்ன செய்யும்?" என்றாள் தாய். ஆனால் இடது காலில் ஒரே ஒரு விரல் மட்டும் அடியிலிருந்து நுனிவரை பிஞ்சுக் கத்திரிக்காய் போல வீங்கியிருந்தது. காலையில் எழுந்தால் ஒரு மணி நேரம் உடம்பு விறைத்துக் கிடக்கும். நடக்க நடக்கத்தான் இளகும்.

டாக்டரிடம் போனார்கள். முடக்குவாதத்துக்கான ரத்தப் பரிசோதனை செய்தார்கள். அதில் ஒன்றும் இல்லை என்று வந்தது. தாய்க்கு உயிர் வந்தது.

டாக்டர் ஒரு கேள்வி கேட்டார். "உங்கள் குடும்பத்தில் யாருக்காவது சொரியாசிஸ் இருந்ததா?"

"அப்படி ஒன்றும் இல்லை, டாக்டர்" என்றாள் தாய், கொஞ்சம் அவசரமாக.

அவள் சொன்னது பொய். வீட்டில் பெண்ணுக்கு மாப்பிள்ளை பார்த்துக் கொண்டிருந்தார்கள்.

மூன்று மார்க்கு

தோல் வியாதிக்கும் கால் விரலுக்கும் என்ன சம்பந்தம்?

சொரியாசிஸ் என்பது தோலில் சிவந்த தடிப்புகள் தோன்றி, வெள்ளி போன்ற செதில்கள் உதிரும் நோய். சித்த வைத்தியர்கள் இதைக் காளாஞ்சகப் படை என்பார்கள். முழங்கை, முழங்கால், தலை ஆகிய இடங்களில் அதிகமாக வரும். சாதாரணமாகத் தோல் 28 நாள் அளவில் தன்னைப் புதுப்பித்துக் கொள்ளும். இந்த நோயில் அந்த வேலை சில நாட்களிலேயே நடந்துவிடுகிறது. பழைய தோல் கழிவதற்குள் புதுத் தோல் வந்து நெருக்கும். அதுதான் செதில்.

இந்த நோய் உள்ளவர்களில் ஒரு பகுதியினருக்கு மூட்டுகளும் வீங்கும். மேல்நாட்டு ஆஸ்பத்திரிக் கணக்குகளில் நூற்றுக்கு 20 முதல் 30 பேர் வரை சொல்லுகிறார்கள். இதற்குச் சொரியாசிஸ் மூட்டுவாதம் என்று பெயர். பெரும்பாலும் தோலில் வந்து பத்து வருஷம் அளவில் கழிந்தபின் மூட்டில் வரும். சிலருக்கு இரண்டும் சேர்ந்து வரும். இன்னும் சிலருக்கு மூட்டில் முதலில் வந்துவிடும். தோல் சுத்தமாக இருக்கும். டாக்டர்கள் ஏமாறுவது இந்த இடத்தில்தான்.

ஆகவே 2006 இல் பல நாட்டு மூட்டுவாத நிபுணர்கள் ஒன்று சேர்ந்து ஒரு மார்க்குப் பட்டியல் போட்டார்கள். 13 நாடுகளில் 588 நோயாளிகளைப் பரிசோதித்துச் செய்த பட்டியல் அது. மூட்டிலோ, முதுகெலும்பிலோ, தசைநார் எலும்பைச் சேரும் இடத்திலோ அழற்சி இருக்கவேண்டும். அதற்கு மேல் மூன்று மார்க்கு வாங்கினால் இந்த நோய் என்று கொள்ளலாம். இப்போது தோலில் சொரியாசிஸ் இருந்தால் 2 மார்க்கு. நகத்தில் குழிகள் விழுந்திருந்தால் 1. ஒரு விரல் முழுவதும் வீங்கினால் 1. முடக்குவாத ரத்தப் பரிசோதனையில் ஒன்றும் இல்லை என்று வந்தால், அதற்கும் 1! மூட்டை ஒட்டிப் புது எலும்பு வளர்வது எக்ஸ்ரேயில் தெரிந்தால் 1.

தோல் சுத்தமாக இருப்பவருக்கும், நெருங்கிய ரத்த உறவில் ஒருவருக்குச் சொரியாசிஸ் இருந்தால் 1.

நம் பெண்ணின் கணக்கைப் பாருங்கள். குதிகால் வலி தசைநார் அழற்சி. உள்ளே நுழைய அது போதும். வீங்கிய விரலுக்கு ஒன்று. ரத்தத்தில் இல்லை என்பதற்கு ஒன்று. ஆக இரண்டு. தாய், தந்தை, உடன்பிறந்தார் மட்டும் அல்ல, தாத்தா பாட்டியும் இந்தப் பட்டியலில் சேர்த்தி. மூன்றாவது மார்க்கு தாத்தாவின் துண்டுக்கு அடியில் இருந்தது. அதைத்தான் தாய் மறைத்துவிட்டாள்.

டாக்டர்கள் மார்க்கை மட்டும் வைத்து வைத்தியம் செய்வதில்லை, உண்மைதான். ஆனால் சந்தேகத்தின் திசையைக் காட்டுவது இந்த ஒரு பதில். பதில் தவறினால் "குதிகால் வாதம்" என்று வலி மாத்திரையோடு அனுப்பிவிடுவார்கள். அயர்லாந்து டாக்டர்கள் 2015 இல் ஒரு ஆராய்ச்சியை வெளியிட்டார்கள். முதல் வலி தொடங்கி நிபுணரைப் பார்ப்பதற்கு 6 மாதம் தாமதித்தவர்களுக்கே எலும்பு அரிப்பும் ஊனமும் அதிகம் என்று கண்டார்கள். அரித்த எலும்பு திரும்ப வளராது.

ஏன் மறைக்கிறார்கள்?

பழங்காலத்தில் இதைக் குஷ்டத்தோடு சேர்த்துவிட்டார்கள். நம் நாட்டில் மட்டும் அல்ல, ஐரோப்பாவிலும் அப்படித்தான். இரண்டும் வேறு வேறு நோய் என்று தெளிவாகப் பிரித்துச் சொன்னவர் வியன்னா நகரத்து டாக்டர் ஹெப்ரா. ஆண்டு 1841. அதற்கு முன்னாலேயே, 1818 இல், பிரெஞ்சு டாக்டர் அலிபேர் தோல் நோயோடு மூட்டு நோயும் வருவதைக் குறித்து வைத்திருந்தார்.

சொரியாசிஸ் தொற்று நோய் அல்ல. தொட்டால் வராது. ஒரே தட்டில் சாப்பிட்டால் வராது. ஒரே சோப்பு, ஒரே துண்டு, ஒரே பாய், எதனாலும் வராது. (குஷ்டத்துக்கே இன்று மாத்திரை இருக்கிறது, அது முற்றிலும் குணமாகிறது என்பதையும் இங்கே சொல்லிவிடுகிறேன்.)

"தொற்றாது, சரி. பரம்பரையாக வருமே?" என்பது சம்பந்தி வீட்டாரின் அடுத்த கேள்வி. நியாயமான கேள்விதான். பதிலும் இருக்கிறது.

நாய்க்குட்டி சொல்லும் பாடம்

ராஜபாளையம் நாயை அறியாதவர் யார்? தூய வெள்ளை உடம்பு, இளஞ்சிவப்பு மூக்கு. 2005 இல் தபால் தலையிலேயே அதன் படத்தைப் போட்டார்கள். அந்த இனத்தில் சில குட்டிகள் காது கேளாமல் பிறக்கும். வெள்ளை நிறத்தோடு சேர்ந்து வரும் குறை அது. ஆனால் ஒரே ஈற்றில் பிறந்த குட்டிகள் எல்லாமே செவிடாக இருப்பதில்லை. ஒன்றுக்குக் கேட்காது, பக்கத்தில் படுத்திருப்பதற்கு நன்றாகக் கேட்கும். தாயும் தகப்பனும் ஒன்றுதான். பங்கு கிடைத்ததில்தான் வித்தியாசம்.

மனிதருக்கும் அப்படியே. தந்தையிடமிருந்து பாதி, தாயிடமிருந்து பாதி என்று மரபணுக்கள் வருகின்றன. எந்தப் பாதி என்பது ஒவ்வொரு பிள்ளைக்கும் வேறுபடும். சொரியாசிஸ் விஷயத்தில் இன்னொரு சிக்கலும் உண்டு. ஒரே ஒரு மரபணுவால் இது வருவதில்லை. பல மரபணுக்கள் கூடி, வெளியிலிருந்து ஒரு தூண்டுதலும் சேர்ந்தால்தான் நோய் தலைகாட்டும். ஒன்றுபோலவே மரபணு உள்ள இரட்டைப் பிள்ளைகளில் ஒருவருக்கு வந்து மற்றவருக்கு வராமல் இருப்பதைப் பலமுறை பார்த்திருக்கிறார்கள். பரம்பரை மட்டுமே காரணமாக இருந்தால் இது நடக்குமா?

அந்த மரபணுக்களில் முக்கியமானவை எச்.எல்.ஏ. என்ற கூட்டத்தைச் சேர்ந்தவை. ஆறாவது குரோமோசோமில் வரிசையாக இருக்கின்றன. இவற்றின் வேலையைப் புரிந்துகொள்ள மில் வாசலைப் பார்த்தால் போதும். தொழிலாளி அடையாள அட்டையைக் காட்டுகிறார். வாட்ச்மேன் பார்த்து உள்ளே விடுகிறார். அட்டை இல்லாத ஆள் வந்தால் பிடித்துக் கொள்வார். உடம்பிலும் ஒவ்வொரு உயிரணுவும் ஒரு அட்டையைக் காட்டுகிறது. அந்த அட்டைதான் எச்.எல்.ஏ. ரத்தத்தில் உள்ள வெள்ளை அணுக்களில் ஒரு வகையே வாட்ச்மேன். கிருமி புகுந்த உயிரணுவை அட்டையை வைத்துக் கண்டுபிடித்து அழித்துவிடுகின்றன.

அட்டையில் பல மாடல் உண்டு. சில மாடல்களைப் பார்த்தால் வாட்ச்மேன் குழம்பி, சொந்தத் தொழிலாளியையே அடிக்கத் தொடங்கிவிடுகிறார். தோலில் அடித்தால் சொரியாசிஸ். மூட்டில் அடித்தால் மூட்டுவாதம்.

மதுரையில் கண்டது

இந்த ஆராய்ச்சி நம் பக்கத்திலேயே நடந்திருக்கிறது. மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் பிச்சப்பன் தமிழ்நாட்டு மக்களின் எச்.எல்.ஏ. மாடல்களை ஆராய்ந்தவர். உலக மக்கள் எங்கிருந்து எங்கே பரவினார்கள் என்று கண்டறியும் பெரிய திட்டத்தில் இந்தியப் பகுதிக்குப் பின்னாளில் தலைமை வகித்தவரும் அவரே. அவரும் தோல் டாக்டர்களும் சேர்ந்து தென்னிந்தியச் சொரியாசிஸ் நோயாளிகளின் ரத்தத்தைப் பரிசோதித்து, முடிவை 1989 இல் வெளியிட்டார்கள். பி57 என்ற மாடலும் டி.ஆர்.7 என்ற மாடலும் நோயாளிகளிடம் அதிகமாக இருப்பதைக் கண்டார்கள்.

மேல்நாட்டில் குற்றவாளி என்று பேசப்பட்டது வேறொன்று. அதன் பெயர் சி6. அப்படியானால் நமக்கு வேறு, அவர்களுக்கு வேறா? இல்லை. பி57, சி6, டி.ஆர்.7 மூன்றும் ஒரே தெருவில் இருக்கும் வீடுகள் மாதிரி. தலைமுறை தலைமுறையாகச் சேர்ந்தே கைமாறுகின்றன. ஒன்றைப் பிடித்தால் மற்றதும் அருகில் இருக்கும். புதுச்சேரி ஜிப்மர் ஆராய்ச்சியாளர்களும் பிற்காலத்தில் தமிழ் நோயாளிகளிடம் சி6 மாடலைத் தேடி ஆராய்ந்தார்கள். மெத்தோட்ரெக்சேட் என்ற மருந்து யாருக்கு நன்றாகக் கேட்கும் என்று அறியவும் அதைப் பயன்படுத்திப் பார்த்தார்கள்.

இதில் ஒரு நுட்பம் உண்டு. தோலுக்கு முக்கியம் சி6. அது உள்ளவர்களுக்குச் சின்ன வயதிலேயே தோலில் வரும்; மூட்டுக்கு வர நாளாகும், வராமலும் போகலாம். மூட்டுக்கு முக்கியமானவை பி27, பி38, பி39, பி8 ஆகிய மாடல்கள். பி27 இருந்தால் முதுகெலும்பும் இடுப்பெலும்புச் சந்தும் பாதிக்கப்படும் வாய்ப்பு அதிகம். தோலும் மூட்டும் ஒரே நோயின் இரு கிளைகள். ஆனால் எந்தக் கிளை துளிர்க்கும் என்பதை அட்டையின் மாடலும் ஓரளவு தீர்மானிக்கிறது.

அட்டை மட்டும் போதாது. மில்லில் ஆபத்து என்றால் சங்கு ஊதுவார்கள் அல்லவா? உடம்பிலும் அப்படி ஒரு சங்கு உண்டு. ஐ.எல்.23 என்று பெயர். அதற்கான மரபணுக்களில் சிறு மாறுதல் இருந்தால், ஆபத்து நீங்கிய பின்னும் சங்கு ஊதிக்கொண்டே இருக்கும். இந்த இடத்தைக் கண்டுபிடித்ததால் பெரிய லாபம் கிடைத்தது. அந்தச் சங்கை அடக்கும் ஊசி மருந்துகள் வந்துவிட்டன. விலைதான் அதிகம். அவற்றைப் போடுமுன் உடம்பில் காசம் பதுங்கியிருக்கிறதா என்றும் பார்க்கவேண்டும்.

இவ்வளவையும் கேட்டுவிட்டு இந்த மரபணுக்களைச் சபிக்கவேண்டாம். எய்ட்ஸ் கிருமி உடம்பில் புகுந்தும் மருந்தில்லாமலே பல வருஷம் அதை அடக்கி வைத்திருக்கும் சிலர் உண்டு. அப்படிப்பட்டவர்களிடம் அதிகமாகக் காணப்படும் மாடல்கள் எவை தெரியுமா? பி57, பி27! கிருமியிடம் கடுமை காட்டும் வாட்ச்மேன்தான் சில சமயம் வீட்டுக்காரரையும் அடித்துவிடுகிறார்.

39 மடங்கு என்றால் எவ்வளவு?

ஐஸ்லாந்து என்று வடக்கே ஒரு சின்ன நாடு. அங்கே யார் யாருக்கு என்ன உறவு என்று பல தலைமுறைக்குக் கணக்கு வைத்திருக்கிறார்கள். அந்தக் கணக்கை வைத்து 2009 இல் ஒரு முடிவு வெளியாயிற்று. சொரியாசிஸ் மூட்டுவாதம் உள்ளவரின் பெற்றோர், பிள்ளைகள், உடன்பிறந்தாருக்கு அதே நோய் வரும் வாய்ப்பு மற்றவர்களைப் போல 39 மடங்கு. அதற்கு அடுத்த உறவுக்கு 12 மடங்கு. மூன்றாம் உறவுக்கு சுமார் நான்கு மடங்கு.

39 மடங்கா! கேட்டதும் நெஞ்சு திடுக்கிடுகிறது. கொஞ்சம் பொறுங்கள். எதற்கு 39 மடங்கு? அந்த நாட்டில் இந்த நோய் ஆயிரம் பேரில் ஒன்றிரண்டு பேருக்குத்தான் இருக்கிறது. அதை 39 ஆல் பெருக்கினால் நூற்றுக்கு ஐந்து அல்லது ஆறு பேர் ஆகும். இங்கிலாந்தில் மோல், ரைட் என்ற இரு டாக்டர்கள் 1973 இல் நோயாளிகளின் குடும்பங்களை நேரில் ஆராய்ந்தபோதும் ஏறக்குறைய இதே கணக்குத்தான் வந்தது. அப்படியானால் மூட்டுவாதம் உள்ளவரின் நூறு பிள்ளைகளில் 94 பேருக்கு அது வருவதில்லை!

தோல் நோய்க்கு வாய்ப்பு இதைவிட அதிகம். தாய் தந்தையரில் ஒருவருக்குச் சொரியாசிஸ் இருந்தால் பிள்ளைக்கு வரும் வாய்ப்பு நூற்றுக்கு 14 என்றும், இருவருக்கும் இருந்தால் 41 என்றும் 1982 இல் ஜெர்மனியில் கணக்கிட்டார்கள். தாய்மாமனுக்கும் அத்தை மகனுக்கும் பெண் கொடுப்பது நம்மிடம் வழக்கம். இரு பக்கமும் ஒரே குடும்பம் என்றால் ஒரே மாதிரி மரபணு இரு பக்கத்திலிருந்தும் வந்து சேர இடம் உண்டு. இரு பக்கத்திலும் நோய் இருக்கும் வீட்டார் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வது நல்லது.

"மாப்பிள்ளைக்கும் பெண்ணுக்கும் இந்த எச்.எல்.ஏ. பரிசோதனை செய்துவிட்டால் என்ன?" என்று ஒருவர் கேட்டார். வீண் செலவு. சி6 மாடல் உள்ளவர்களில் பெரும்பாலோருக்கு ஆயுள் முழுவதும் சொரியாசிஸ் வருவதே இல்லை. அது இல்லாதவர்களுக்கும் நோய் வருகிறது. ஜாதகம் போல இதைப் பார்த்தால் நல்ல சம்பந்தங்கள் கெட்டுப்போகும்.

தூண்டுவது எது?

பரம்பரையை மாற்ற முடியாது. தூண்டுதலைக் குறைக்கலாம். தொண்டைப் புண், உடல் பருமன், புகைப்பழக்கம், மனக்கவலை ஆகியவை நோயைக் கிளப்பும். தோலில் கீறல் பட்ட இடத்தில் சொரியாசிஸ் முளைப்பதும் உண்டு. சில மருந்துகளும் கிளப்பிவிடும். முக்கியமாக ஒன்று: மருந்துக்கடையில் தானாக வாங்கி ஸ்டீராய்டு மாத்திரை விழுங்குவது. முதல் வாரம் அற்புதமாக இருக்கும். திடீரென்று நிறுத்தினால் உடம்பு முழுவதும் தீப்பற்றியது போல் சிவந்து, சீழ்க் கொப்புளமாகவும் மாறிவிடும்.

வெட்பாலைத் தைலம் பூசுகிறவர்கள் நம் பக்கத்தில் பலர். தோலுக்குப் பூசும் எண்ணெய் மூட்டு எலும்பின் அரிப்பை நிறுத்தாது என்பதை மட்டும் அவர்கள் நினைவில் வைக்கவேண்டும்.

மூட்டுக்கு டாக்டர்கள் நெடுங்காலமாகக் கொடுத்துவரும் மாத்திரை மெத்தோட்ரெக்சேட். இதன் பிறப்பில் நம்மவர் கை உண்டு. சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்து அமெரிக்கா சென்ற டாக்டர் எல்லாப்பிரகட சுப்பாராவ் தலைமையில்தான் இந்த மருந்துக் குடும்பம் உருவாயிற்று. முதலில் ரத்தப் புற்றுநோய்க்காக வந்தது. 1951 இல் சொரியாசிசுக்கும் கேட்பதைக் கண்டார்கள்.

இந்த மாத்திரையை வாரத்துக்கு ஒரு நாள்தான் சாப்பிடவேண்டும். தினமும் சாப்பிட்டால் உயிருக்கே ஆபத்து. எழுதப் படிக்கத் தெரிந்த பிள்ளைகள் வீட்டுப் பெரியவர்களின் மருந்துச் சீட்டைப் படித்து, காலண்டரில் கிழமையைக் குறித்து வையுங்கள்.

கர்ப்பிணிகள் இதைச் சாப்பிடவே கூடாது. கருவைச் சிதைத்துவிடும். குழந்தை பெற நினைக்கும் பெண் முன்கூட்டியே டாக்டரிடம் சொன்னால், வேறு மருந்துக்கு மாற்றித் தருவார். நோயை மறைத்துக் கலியாணம் செய்து, புகுந்த வீட்டில் பெட்டிக்குள் மாத்திரையை ஒளித்து வைத்துச் சாப்பிடும் பெண்ணின் நிலையை எண்ணிப் பாருங்கள். அவள் யாரிடம் கேட்பாள்?

மறுபடியும் டாக்டரிடம்

நம் குடும்பத்துக்கு வருவோம். வலி மாத்திரையில் மூன்று மாதம் ஓடியது. இன்னொரு விரலும் வீங்கியது. தாய் இரவெல்லாம் தூங்கவில்லை. மறுநாள் மகளை அழைத்துக்கொண்டு அதே டாக்டரிடம் போய் நின்றாள்.

"அன்றைக்கு நீங்கள் கேட்டதற்குத் தப்பாகச் சொல்லிவிட்டேன், டாக்டர். எங்கள் அப்பாவுக்கு இருந்தது. முப்பது வருஷம் இருந்தது."

டாக்டர் கோபிக்கவில்லை. பேனாவை எடுத்தார். "முழங்கையிலா, முழங்காலிலா?"

"இரண்டிலும் இல்லை, டாக்டர். தலையில். அதனால்தான் கடைசிவரை துண்டைக் கழற்றவே இல்லை."

மகள் தாயைத் திரும்பிப் பார்த்தாள். டாக்டர் சீட்டில் எழுதிக்கொண்டிருந்தார்.